கரும்புகை வந்தால் சென்சார் மேல் பழி போடாதீர்கள்

பட்டறைப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எஞ்சினுக்குள் போகிற காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சாரைப் பற்றியவை. ஆடிக்காற்று அடித்து ஓய்ந்ததும் எங்கள் உச்சிப்புளிப் பக்கம் பட்டறைக்கு வருகிற வண்டிகளும் அப்படித்தான். 'புல்லிங் இல்லை', 'பிக்கப் செத்துப்போச்சு', 'சென்சாரை மாத்திரலாமா' என்ற மூன்று பேச்சுத்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். பிரேக், கிளட்ச் என்று எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என்னுடையது 2013 மாடல், 1.3 லிட்டர் டீசல் கார். கொஞ்ச நாளாக வண்டி இழுக்கவில்லை. ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அழுத்தி மிதித்தால் பின்னால் கரும்புகை. செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது. ஸ்கேன் போட்ட இடத்தில் பி0101 என்ற கோட் வந்தது. 'ஏர்ஃப்ளோ சென்சார் போய்விட்டது' என்று சொல்லி, மாற்றுவதற்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். இரண்டு ஸ்க்ரூதான் என்று கேள்விப்பட்டேன். நானே வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், தொண்டி

பதில்: மாட்டலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலைதான் அது. எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் 'கரும்புகை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லால் எனக்குச் சென்சார் மேல் இருந்த சந்தேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. கடைக்குப் போகுமுன் இதை முழுக்கப் படியுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவுக்கும் நடுவில், காற்றுக்குழாயில் அந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு மெல்லிய படலம். மின்சாரம் அதைச் சூடாகவே வைத்திருக்கும். கடந்துபோகிற காற்று சூட்டைக் கொண்டுபோகிற அளவை வைத்து, எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பெட்ரோல் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதே இந்தக் கணக்கைப் பொறுத்தது. டீசலில் கதை வேறு. இங்கே இதற்கு முக்கியமாக இரண்டு வேலை. ஒன்று, ஈ.ஜி.ஆர் வால்வு எவ்வளவு திறக்கலாம் என்று பார்ப்பது. அதாவது வெளியே போகிற புகையில் எவ்வளவைத் திரும்ப உள்ளே விடுவது என்பது. இன்னொன்று, 'இவ்வளவு காற்றுத்தான் இருக்கிறது, இதற்கு மேல் டீசல் விட்டால் புகைக்கும்' என்று டீசலுக்கு ஒரு மேல்வரம்பு போடுவது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அழுக்குப் படிந்த சென்சார் பெரும்பாலும் காற்றைக் குறைத்துத்தான் காட்டும். ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, சரியாகக் காட்டிவிட்டு, வேகம் ஏற ஏற நிஜத்தை விடக் குறைவாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி, காற்று குறைவு என்று டீசலைக் குறைக்கும். வண்டி சோம்பும். ஆனால் புகை வராது! காற்று நிறைய இருக்கிறது, டீசல்தானே குறைவு? அப்புறம் கரும்புகைக்கு வழி ஏது?

புல்லிங்கும் இல்லை, கரும்புகையும் வருகிறது என்றால், சென்சார் எண்ணிச் சொன்ன காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் நான் முதலில் நினைப்பேன். வழியில் எங்கோ ஒழுகுகிறது. டர்போவிலிருந்து காற்றின் சூட்டை ஆற்றுகிற இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினின் காற்று வாயான இன்டேக்குக்கும் போகிற ரப்பர் ஹோஸில் ஒரு கீறல், அல்லது ஒரு கிளிப் தளர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் முழுக்காற்றுக்கான டீசலை விடுகிறது, சிலிண்டரில் அவ்வளவு காற்று இல்லை, மிச்ச டீசல் கரியாக வெளியே வருகிறது. அடுத்த சந்தேகம் ஈ.ஜி.ஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது. நல்ல காற்றுக்குப் போகவேண்டிய இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். சென்சாரைத் தாண்டி வரும் காற்று உண்மையாகவே குறையும். அது அதை உள்ளபடி சொல்லும், உடனே பி0101 விழும். சென்சார் இங்கே உண்மையைச் சொன்ன சாட்சி. நாம் சாட்சியைப் பிடித்து உள்ளே போடுகிறோம்.

பி0101 என்ற கோட் 'சென்சார் கெட்டுவிட்டது' என்று சொல்லவில்லை. 'இந்தச் சென்சார் சொல்கிற அளவு நான் எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை' என்று மட்டும் சொல்கிறது. பி0102 வந்தால் சிக்னல் மிகக் குறைவு, பி0103 என்றால் மிக அதிகம். இந்த இரண்டில் எது வந்தாலும், சென்சாரைச் சந்தேகிக்குமுன் வயரையும் அதைச் சென்சாரில் மாட்டுகிற கப்ளரையும் பாருங்கள். ஸ்கேனரில் கோட் எண்ணுக்குப் பக்கத்தில் சென்சார் பெயர் தெரிந்ததும் அதையே மாற்றச் சொல்கிற பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிறது.

சரி, வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, டர்போ ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒழுகுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும். டர்போ ஹோஸுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். வெளியே கசிந்திருந்தால்தான் கவலை. ஹோஸ் வளைகிற இடத்தின் உட்பக்கத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். கீறல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அழுத்தம் ஏறும்போது வாயைத் திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். சோப்புத் தண்ணி தெளித்து நுரை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுவார்கள். வண்டி நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் டர்போ அழுத்தம் சரியாக ஏறாது என்பதால் அந்த வித்தை இங்கே பலிப்பதில்லை. பட்டறையில் குழாயை அடைத்து, வெளியிலிருந்து காற்றுக் கொடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஓடும்போது மிதித்தால் மட்டும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதா என்று ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அதுவே பாதி விடை.

இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது எட்டிப் பார்ப்பதாக இருந்தால் தோளில் கிடக்கிற துண்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஃபேன் எப்போது சுற்றும் என்று அது சொல்லிவிட்டுச் சுற்றாது.

அடுத்தது கணக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டுகிற புளூடூத் டாங்கிள் மலிவாகக் கிடைக்கிறது. செல்போனில் ஒரு ஆப் போட்டால் காற்றின் அளவு கண்ணுக்கு முன்னால் ஓடும். உங்களுடைய 1.3 லிட்டர் எஞ்சின், ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் இருந்த அந்த 1248 சிசி எஞ்சினாக இருந்தால் கணக்கு சுலபம். நான்கு சிலிண்டர், ஒன்று 312 சிசி. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிராம். சிலிண்டர் முழுக்க நிரம்பினால் 360 மில்லிகிராம். நிஜத்தில் எண்பது, எண்பத்தைந்து சதவீதம்தான் நிரம்பும். ஆகவே ஈ.ஜி.ஆர் மூடியிருக்கும்போது ஐடிலில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ஒரு சிலிண்டர் ஒரு தடவை காற்றை இழுப்பதற்கு, 300 மில்லிகிராம் அருகே காட்ட வேண்டும். உங்கள் ஆப் வினாடிக்கு எத்தனை கிராம் என்று காட்டினால், 850 ஆர்.பி.எம் ஐடிலில் அது எட்டு, எட்டரை கிராம். ஈ.ஜி.ஆர் திறந்திருந்தால் இதைவிட நன்றாகக் குறையும், அது தப்பில்லை. ஐடிலில் லேசாக ரேஸ் கொடுத்து விடும்போது ஸ்ட்ரோக்குக்கான எண் உயர்ந்து இறங்கினால் வால்வு அசைகிறது என்று அர்த்தம். என்ன செய்தாலும் அடிமட்டத்திலேயே கிடந்தால் வால்வு சிக்கியிருக்கலாம்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து போனை அவர் கையில் கொடுங்கள். மூன்றாவது கியரில் 1500 ஆர்.பி.எம்மிலிருந்து முழுக்க மிதித்து 3000 தாண்டும் வரை போங்கள். நல்ல டர்போ வண்டியில் ஸ்ட்ரோக்குக்கான அளவு ஐடிலைப் போல் இரண்டு மடங்கு வரும், அதைத் தாண்டியும் போகலாம். நம் மாவட்டத்தில் மலை கிடையாது, ஏற்றம் என்றால் பாம்பன் பாலம்தான் என்று அங்கே போய்ச் சோதிக்காதீர்கள். 1988இல் திறந்த நாளிலிருந்து அந்தப் பாலத்தில் பாதிப்பேர் கடலைப் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார்கள். தொண்டிக்காரர் நீங்கள், வீட்டு வாசலிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. திருப்பாலைக்குடிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள்.

அளவு மேலே ஏறவே மாட்டேன் என்கிறது, புகையும் இல்லை, ஹோஸும் ஃபில்டரும் சுத்தம் என்றால் சென்சார்தான். அளவு ஜோராக ஏறுகிறது, ஆனாலும் வண்டி புகைத்துக்கொண்டு இழுக்க மறுக்கிறது என்றால் அந்தக் காற்று வழியில் ஒழுகுகிறது. சென்சார் கூட்டிக் காட்டினாலும் புகை வரும், மறுக்கவில்லை. நான் பார்த்த வரையில் அது அபூர்வம்.

சோதனையெல்லாம் முடிந்து சென்சார்தான் என்று உறுதியானால், மாற்றும் வேலை இதுதான்.

காலையில், காற்று எழும்புமுன் செய்யுங்கள். கடலோரத்து மத்தியானக் காற்றில் காற்றுக்குழாயைத் திறந்து வைப்பது டர்போவுக்கு மணல் ஊட்டுவதற்குச் சமம். சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். கம்ப்யூட்டர் உடனே தூங்காது. சென்சாரைச் சுற்றியிருக்கிற தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகுதான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் திறந்த ஓட்டைக்குள் விழும். கப்ளரின் பூட்டை அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கிறவர்கள் அப்புறம் வயரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கழற்றிய கப்ளருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா? நம் கடற்கரையில் உப்புக்காற்று சென்சாரின் உள் படலத்தை விட இந்த முனைகளைத்தான் முதலில் தின்கிறது. எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, திரும்ப மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதோடு வேலை முடிந்து போன வண்டிகளும் உண்டு. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அணில் கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

இரண்டு ஸ்க்ரூவும் பெரும்பாலும் நட்சத்திரத் தலை உள்ளவை. சாதா ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகித் தலையைச் சிதைக்காதீர்கள். டி20 ஸ்டார் பிட் பெரும்பாலான வண்டிகளுக்குச் சேரும். சிலவற்றில் நடுவில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் ஓட்டை உள்ள பிட் வேண்டும். சில வண்டியில் சென்சார் மட்டும் தனியாக வரும், சிலவற்றில் குழாயோடு சேர்த்துத்தான் வரும். குழாயோடு வருவதைப் பிரித்து உள்பகுதியை மட்டும் மாற்றுவதை நான் செய்வதில்லை. குழாயின் விட்டத்தோடு சேர்த்துத்தான் அளவு பொருந்தும்; அதே சென்சாரை வேறு குழாயில் மாட்டினால் வேறு எண் சொல்லும்.

புதியதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது உள்ளே விரல் படக்கூடாது. காற்று போகிற திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். அது ஃபில்டரிலிருந்து டர்போ பக்கம் காட்ட வேண்டும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, ஸ்க்ரூவைக் கை இறுக்கத்தில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் மரை, பலம் காட்டினால் போய்விடும். ஃபில்டர் பெட்டி மூடியைத் திறந்திருந்தால் எல்லாக் கிளிப்பும் விழுந்ததா என்று பாருங்கள். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற ஹோஸ் தளர்ந்தால் எண்ணிக்கையில் வராத காற்று உள்ளே போகும், தூசியோடு போகும், டர்போ விசிறியைத் தேய்க்கும். கடைசியாக டாங்கிளில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். சில வண்டிகளில் பழைய சென்சாருக்காகக் கம்ப்யூட்டர் கற்றுவைத்த திருத்தத்தையும் ஸ்கேனரில் அழிக்க வேண்டும். அதற்கு மட்டும் பட்டறைக்குப் போகலாம், சின்ன வேலை.

உங்கள் வண்டியில் என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். ஹோஸ் என்றுதான் என் பந்தயம்.

கேள்வி: சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வண்டி முன்னை விட நன்றாகவே போகிறது! தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போய்வருகிறவன் நான். அப்படியே விட்டுவிட்டால் என்ன?
— வாசகர், ராமேஸ்வரம்

பதில்: கப்ளர் கழன்றதும் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற ஒரு தோராய அளவை எடுத்துக்கொள்ளும். கூடவே பெரும்பாலான வண்டிகளில் ஈ.ஜி.ஆரையும் மூடிவிடும். புகை உள்ளே திரும்புவது நின்று போவதால் எஞ்சின் சுறுசுறுப்பாகத் தெரியும். அதனால் 'கழற்றினால் நன்றாகப் போகிறது, அப்படியானால் சென்சார் கெட்டது' என்று முடிவுகட்ட முடியாது. சென்சார் கெட்டிருந்தாலும் அப்படி இருக்கும், ஈ.ஜி.ஆர் சிக்கலாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

சோதனைக்குச் செய்யலாம், வாழ்க்கை முழுக்கச் செய்யக்கூடாது. செக் எஞ்சின் லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு வேறு ஒரு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் என்றால் நினைத்தும் பார்க்காதீர்கள். அந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கிற ஃபில்டர் இருக்கிறது. கணக்குத் தப்பினால் அது அடைத்துக்கொள்ளும், சென்சார் விலை அப்போது சில்லறையாகத் தெரியும்.

நீங்கள் அரிச்சல்முனை வரை போய்வருகிறவர் என்பதால் இன்னொரு விஷயம். 2017இல் சாலை போட்ட பிறகு எல்லாக் காரும் போகிறது, நல்லதுதான். ஆனால் காற்று நாளில் மணல் சாலை மேல் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தொழிலாக அங்கே ஓடுகிற வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் பொருந்தாது. அதில் போட்டதில் பாதி தூரத்தில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பெட்டியின் அடியில் மணல் கிடந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மீன் லோடு அடிக்கிற பிக்கப் வைத்திருக்கிறேன். ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, பஞ்சர் கடையில் காற்றடித்து மாட்டச் சொல்கிறார் கூட்டாளி. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் வைத்திருக்கிறார். செய்யலாமா அண்ணே?
— வாசகர், மண்டபம்

பதில்: மூன்றும் வேண்டாம் தம்பி. பஞ்சர் கடைக் காற்றின் வேகத்துக்கு அந்தப் படலம் தாங்காது. அதோடு கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும். கார்புரேட்டர் கிளீனரும் பிரேக் கிளீனரும் பிசுக்கைக் கரைக்கும், கூடவே சென்சாரின் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் பதம் பார்க்கலாம். பெட்ரோல் கறை விட்டுவிட்டுப் போகும். எஞ்சின் அறையில் வைத்துப் பெட்ரோலில் கழுவுவது அதைவிடப் பெரிய விளையாட்டு.

இதற்கென்றே ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனர் ஸ்ப்ரே விற்கிறார்கள். சென்சாரை வெளியே எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்துப் பல தடவை அடியுங்கள். பிரஷ், பட்ஸ், துணி எதுவும் தொடக்கூடாது. தானாக உலரவேண்டும், வெயிலில் வைத்து அவசரப்படுத்தாமல் நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். தூசியும் எண்ணெய் ஆவியும் படிந்த சென்சாருக்கு இது பிழைப்புக் கொடுக்கும். உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் செத்திருந்தால் எந்த ஸ்ப்ரேயும் எழுப்பாது. மாற்றுமுன் இதைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை, ஒரு டப்பா பல வண்டிக்கு வரும்.

மீன் வண்டி என்பதால் கேட்கிறேன்: ஐஸ் தண்ணி எங்கே வடிகிறது? பெட்டியிலிருந்து உப்புத்தண்ணி சேஸிஸில் இறங்கி வயரிங்கில் சொட்டுகிற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எர்த் வயர் முனை துருப்பிடித்தால் எல்லாச் சென்சாரும் ஒன்று சேர்ந்து உளறும். அதைச் சுரண்டி இறுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

கேள்வி: பழைய சென்சாரில் கோளாறு என்று ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இப்போது முன்னை விட மோசம். மச்சான் துபாயிலிருந்து வரும்போது ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். அது சேருமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது முக்கியமில்லை, எண்தான் முக்கியம். கழற்றிய பழைய சென்சாரின் மேல் ஒரு பார்ட் நம்பர் அச்சாகியிருக்கும். பாஷ் தயாரிப்பாக இருந்து டீசல் வண்டிக்கு வந்ததென்றால் பெரும்பாலும் 0 281 என்று தொடங்கும். அதைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்புங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். அல்லது அந்த எண்ணுக்குப் பதிலாக வந்த புது எண் இது என்று கடைக்காரர் கம்பெனிப் பட்டியலில் காட்ட வேண்டும். வெளியே ஒரே உருவம், ஒரே கப்ளர், உள்ளே வேறு அளவு என்று வருகிற சென்சார்கள் இருக்கின்றன. பழைய வகை வோல்ட் கணக்கில் பேசும், புது வகை அதிர்வெண் கணக்கில் பேசும். அச்சு அசலாக மாட்டிவிடலாம், கம்ப்யூட்டருக்குத்தான் ஒன்றும் புரியாது.

பாதி விலைச் சென்சாரைப் பற்றி என் கருத்தை மறைக்கவில்லை: போலியை வாங்குவதை விட, நன்றாக ஓடுகிற இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் மேல். சொந்தக்காரர் யாரிடமாவது அதே மாடல், அதே ஆண்டு வண்டி இருந்தால் அரை மணி நேரம் கடன் கேட்டு மாட்டிப் பாருங்கள். எண் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் உங்கள் வண்டி சரியாகவில்லை என்றால் மச்சானுக்கு வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லலாம்.

கேள்வி: என் கணவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார். 'காற்று நிறையப் போனால் மைலேஜ் கிடைக்கும்' என்கிறார். நீங்கள் எழுதினால் கேட்பார்.
— வாசகி, ஏர்வாடி

பதில்: கேட்பாரா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன் அம்மா. சுத்தமான ஃபில்டர் காற்றைத் தடுப்பதில்லை. கழற்றினால் மைலேஜ் கூடாது, சென்சார் அழுக்காகும், அதற்குப் பின்னால் டர்போவும் பிஸ்டன் ரிங்கும் மணலில் தேயும். உள்ளே போன மணலைத் திரும்ப எடுக்க முடியாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதென்றால் புதிது போடச் சொல்லுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணியில் அலசிக் காயவைத்துப் போடுகிற பழக்கமும் வேண்டாம். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் என்று ஒன்றை யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள். அதிகமாகத் தடவிய எண்ணெய் சென்சாரில் போய்ப் படியும்.

கேள்வி: சாயல்குடியில் கரிமூட்டம் போடுகிற இடங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய்வருகிறேன். தூசியும் சாம்பலும் அதிகம். மழைக்காலத்தில் தண்ணியும் தேங்கும். இந்தச் சென்சாரைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், சாயல்குடி

பதில்: ஃபில்டரை ஒழுங்காக மாற்றுவதைத் தவிர வேறு மந்திரம் இல்லை. ஃபில்டர் ஓரத்து ரப்பர் பெட்டியில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் விரலால் ஓட்டிப் பாருங்கள். சாம்பல் நைசானது, சின்ன இடைவெளி போதும். ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணி வடிகிற ஒரு சின்ன ஓட்டை உண்டு. மழைக்கு முன்னால் அதில் மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே தேங்கிய தண்ணி ஃபில்டரை நனைத்து, துளியாகச் சென்சாரில் போய் அடிக்கும். சூடான படலத்தில் தண்ணி விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய தண்ணிக்குள் வண்டியை விடுமுன் ஃபில்டர் பெட்டிக்குக் காற்று எந்த உயரத்திலிருந்து எடுக்கிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் நீங்கள் நினைப்பதை விடத் தாழ்வாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் அப்பா காலத்து டீசல் அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது. இதில் அந்தச் சென்சார் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.
— வாசகர், பெரியபட்டினம்

பதில்: தேடாதீர்கள், கிடையாது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளில் காற்றை யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் மிதிக்கிற அளவுக்கு பம்ப் டீசல் தள்ளும். இந்தச் சென்சாரெல்லாம், ஒரே குழாயில் அழுத்தத்தில் டீசலை வைத்துத் தெளிக்கிற காமன் ரெயிலும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு பரவலானவை. உங்கள் வண்டி புகைத்தால் ஏர் ஃபில்டர், டீசலைத் தெளிக்கிற நாசில், பம்ப் டைமிங் மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள். நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்துப் பார்க்கிற கடை ராமநாதபுரத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இல்லாவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோங்கள். நான்கு நாசிலையும் சேர்த்தே கொண்டுபோங்கள், ஒன்றை மட்டும் பார்த்துப் பயனில்லை.